அப்பாவின் பெட்டியில் பழைய பிஸ்டல்: லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தேன். துணியில் சுற்றிய ஒரு பிஸ்டலும் அவர் பெயரில் லைசென்ஸ் புத்தகமும் இருந்தன. பிஸ்டலில் ‘வெப்ளி அண்ட் ஸ்காட்’, ‘7.65’, ‘.32’ என்று பொறித்திருக்கிறது. நூறு வருடம் ஆகியிருந்தால் லைசென்ஸ் வேண்டாம் என்கிறார் நண்பர். இதன் வயதையும் விலையையும் எப்படித் தெரிந்துகொள்வது? தங்கை தன் பங்கைக் கேட்கிறாள்.

பதில்: நண்பர் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழைய ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த பிஸ்டல் அந்த விலக்குக்குள் வருவது கடினம். வயது எத்தனையானாலும் சரி.

உங்கள் நிலைமையில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. ஆயுதம் இருப்பது தெரிந்து வைத்திருந்தால்தான் அது ‘வைத்திருத்தல்’ ஆகும் என்று உச்ச நீதிமன்றம் 1972இல் குன்வந்த்லால் வழக்கில் சொன்னது. பெட்டியைத் திறக்கும்வரை அந்த வாதம் உங்களிடம் இருந்தது. இப்போது இல்லை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

ஆகவே முதல் வேலை 21ஆம் பிரிவின்படி ஒப்படைப்பது. பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ வைக்கலாம். தோட்டா இருந்தால் அதையும் சேர்த்து. பிஸ்டலைப் பையில் போட்டுக்கொண்டு நீங்களாகக் கிளம்பாதீர்கள். காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள், எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள், எண் குறிப்பிட்ட ரசீது வாங்குங்கள். தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றிவிட்டால் காலி என்று நினைக்க வேண்டாம். குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர் தொடாமலிருப்பதே நல்லது.

‘கொடுத்தால் போயே போச்சு’ என்று பலர் பயப்படுகிறார்கள். அதே 21ஆம் பிரிவு வாரிசுக்கு வழி வைத்திருக்கிறது. லைசென்ஸ் கிடைத்தால் திரும்பப் பெறலாம். வேண்டாமென்றால், வைத்திருக்கத் தகுதியுள்ளவருக்கு விற்கச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். இதற்குக் கால வரம்பு உண்டு, தவறினால் அரசுக்குப் போய்விடும். ரசீதை வாங்கிப் பெட்டியில் போட்டுத் தூங்கிவிடாதீர்கள்.

2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதி, இறந்தவரின் துப்பாக்கிக்குச் சட்ட வாரிசு லைசென்ஸ் கேட்க இடம் தருகிறது. உங்கள் பிஸ்டலின் .32 என்ற தோட்டா அளவு தடை செய்யப்படாத வகை என்பதால் மாவட்ட அளவிலேயே விண்ணப்பிக்கலாம். ராணுவத்தின் 9 மி.மீ. தோட்டாவை ஏற்கும் பிஸ்டலாக இருந்திருந்தால் கதையே வேறு, விஷயம் மத்திய உள்துறை அமைச்சகம் வரை போயிருக்கும். லைசென்ஸ் ஒருவர் பெயருக்குத்தான் வரும். தங்கையும் அம்மாவும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டியிருக்கும். பொருளின் மதிப்பில் அவர்கள் பங்கு அதனால் அழியாது. எவ்வளவு, எப்போது தருகிறீர்கள் என்பதையும் அப்போதே எழுத்தில் வைத்துவிடுங்கள்.

அப்புறம் வயது. அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தில் பிஸ்டலின் எண் இருக்கும். தாத்தாவின் பழைய லைசென்ஸோ கடை ரசீதோ கிடைத்தால் இன்னும் நல்லது. குழலில் கிரீடத்தின் கீழ் ‘பிவி’, ‘பிபி’ முத்திரைகள் இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காம் துப்பாக்கிச் சோதனைக்கூடத்தில் 1904க்கும் 1954க்கும் இடையில் சோதிக்கப்பட்டது. இடைவெளி பெரிதுதான். அதைச் சுருக்குவது வரிசை எண். அதனால்தான் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம் என்கிறேன். பழைய நீலப் பூச்சு போனால் விலை குறையும், எண் அழிந்தாலோ உங்கள் மேலேயே சந்தேகம் விழும்.

வெளிநாட்டு ஏல விலையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். தனியார் கைத்துப்பாக்கி இறக்குமதிக்கு இங்கே பல பத்தாண்டுகளாகக் கடும் கட்டுப்பாடு இருப்பதால், உள்நாட்டு விலை வேறு தடத்தில் ஓடுகிறது. ஒப்படைத்த பிறகு உரிமம் பெற்ற வியாபாரிகள் இரண்டு பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். தங்கையின் பங்கைக் கணக்கிடவும் அந்தத் தாள்தான் உதவும்.