முதல் மின்வாசிப்பான்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் கல்முனையில் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கிறேன். சில காலமாக என் வாசிப்பு முழுவதும் கைத்தொலைபேசியிலேயே நடக்கிறது. இரவில் சிறிது நேரம் வாசித்தாலே கண் எரிகிறது. நடுவில் வட்ஸ்அப் செய்தியொன்று வந்துவிட்டால் வாசிப்பு அத்தோடு நின்றுபோகிறது. ஆகவே மின்னூல் வாசிப்பதற்கென்றே உள்ள மின்வாசிப்பான் ஒன்று வாங்கலாமென நினைக்கிறேன். 35,000 ரூபாய்க்கு மேல் என்னால் ஒதுக்க இயலாது. தம்பி கட்டாரில் வேலை செய்கிறார், விடுமுறையில் வரும்போது வாங்கி வருவார். பாவித்த கருவிகளும் இணையத்தில் விற்பனைக்கு வருவதைப் பார்க்கிறேன்.

நான் வாசிப்பவை இரண்டு வகை. ஒன்று நாவல், சிறுகதை. மற்றையது முதுமாணி ஆய்வுக்காக ‘நூலகம்’ என்ற இணையத்தளத்திலிருந்து இறக்கி வைத்திருக்கும் பழைய ஈழத்துச் சஞ்சிகைகள். கிண்டில் நல்லதா, கோபோ நல்லதா, அல்லது அதே காசுக்கு ஒரு டெப் (டெப்லெட்) வாங்கிவிடலாமா? இவற்றில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியுமா?

இப்படிக்கு,
கல்முனை வாசகி

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள வரி, நீங்கள் வாசிப்பவை இரண்டு வகை என்று பிரித்து எழுதியிருக்கும் வரிதான். மின்வாசிப்பான் வாங்க நினைப்பவர்களிற் பெரும்பாலோர் எந்த நிறுவனம், எந்த மாதிரி என்று கேட்கிறார்களே தவிர, தம்மிடம் இருக்கும் கோப்புகள் எப்படிப்பட்டவை என்பதைச் சொல்வதில்லை. உங்கள் இரண்டு வகை வாசிப்புக்கும் 35,000 ரூபாயில் ஒரே கருவி கிடையாது. நாவலுக்கும் சிறுகதைக்கும் ஏற்ற நல்ல கருவி அந்தத் தொகைக்குள் கிடைக்கும், அதை வாங்குங்கள். சஞ்சிகைகளை இப்போது எதில் வாசிக்கிறீர்களோ அதிலேயே, மடிக்கணினி இருந்தால் அதில், தொடர்ந்து வாசியுங்கள்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நூலகம் தளத்தில் இருக்கும் பழைய இதழ்கள் பெரும்பாலும் தாள்களை ஒவ்வொன்றாக ஸ்கான் செய்து பிடிஎஃப் ஆக்கப்பட்டவை. அங்கே இருப்பது எழுத்தன்று, எழுத்தின் படம். மின்வாசிப்பானில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடிந்து அடுத்த வரிக்குச் செல்லும் வசதி, எழுத்தாகவே இருக்கும் ஈபப் போன்ற கோப்புகளுக்குத்தான் உண்டு, படத்துக்கு இல்லை. குறைந்த விலைக் கருவிகளின் திரை மூலைக்கு மூலை 6 அங்குலம், அதாவது அகலம் ஏறக்குறைய 9 சென்றிமீற்றர். ஏ4 தாளின் அகலம் 21 சென்றிமீற்றர். அந்தப் பக்கம் முழுவதும் இந்தத் திரைக்குள் அடங்க வேண்டுமானால் ஒவ்வோர் எழுத்தும் தன் அளவில் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். பத்துப் புள்ளி (பொயின்ட்) அளவில் அச்சான கட்டுரை நான்கு புள்ளி அளவில் தெரியும். அதை எவராலும் வாசிக்க முடியாது. கருவியைக் கிடையாகத் திருப்பிப் பிடித்து, பக்கத்தை மூன்று துண்டாக மேலிருந்து கீழாக நகர்த்தி வாசிக்கலாம். ஓரங்களை வெட்டிவிட்டால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆனால் இரண்டு பத்தியாக (அருகருகே இரு நிரலாக) அச்சான சஞ்சிகையில், முதற் பத்தியின் அடிவரை போய் மறுபடி மேலே ஏறி இரண்டாம் பத்திக்கு வருவதற்குள் வாசிப்பின் சரடு அறுந்துவிடும்.

கேஓரீடர் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஸ்கான் செய்த பக்கத்தில் சொற்களின் படங்களைத் தனித்தனியாக வெட்டி, சிறிய திரைக்கேற்ப மறுபடி அடுக்கித் தரும் திறன் அதற்கு உண்டு. தெளிவாக அச்சான, ஒரே பத்தியுள்ள நூலுக்கு அது உதவும். மங்கிய மையும், மறுபக்கத்து எழுத்து இப்பக்கத்தில் தெரியும் தாளும் கொண்ட பழைய இதழ்களில் அது தடுமாறும். ஸ்கான் பிரதிகளை நிம்மதியாக வாசிக்கக்கூடிய 10 அங்குல மின்மை (ஈ-இங்க்) கருவிகள் உள்ளன. அவற்றின் விலை உங்கள் தொகையைப் போலப் பல மடங்கு.

அப்படியானால் டெப் வாங்கிவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். சஞ்சிகைகள் மட்டுமே உங்கள் தேவையென்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் முறைப்பாடு இரண்டு: கண் எரிவும் கவனச் சிதறலும். டெப் வாங்கினால் இரண்டும் பெரிய திரையில் தொடரும். மின்மைத் திரையில் நுண்ணிய உறைகளுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. மின்னூட்டத்துக்கேற்ப ஒரு நிறம் மேலே வருகிறது, மற்றது கீழே போகிறது. பக்கம் மாறும்போது மட்டுமே அதற்கு மின்சாரம் தேவை. எழுத்து தெரிவது வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தால், அச்சிட்ட தாளிற் போலவே. அதனால் கல்லடிக் கடற்கரையில் நண்பகல் வெயிலிலும் எழுத்து துல்லியமாக நிற்கும். இரவுக்கென்று திரையின் ஓரத்தில் சிறு விளக்குகள் வைத்திருக்கிறார்கள்; அவற்றின் ஒளி திரையின் மேற்பரப்பில் பரவுகிறதே தவிர, பின்னாலிருந்து கண்ணுக்குள் பாய்வதில்லை. ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் தாங்குவதால், மாரி காலத்தில் மின்சாரம் நின்றாலும் வாசிப்பு நிற்காது. இருந்தாலும், கண் எரிவதற்குத் திரை மட்டுமே காரணம் என்று கருதிவிடாதீர்கள். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. பார்வையிற் சிறு குறை இருந்தாலும் எரியும். காசைச் செலவழிப்பதற்கு முன் கண்ணை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தமிழ் எழுத்தைப் பற்றிய உங்கள் கேள்விதான் எனக்கு முக்கியமானது. ஆங்கிலத்தில் எழுத்துகளை வரிசையாக அடுக்கினாற் போதும். தமிழில் அப்படியில்லை. 'கை' என்று தட்டச்சு செய்யும்போது கணினி முதலில் ககரத்தையும் பிறகு ஐகாரக் குறியையும் சேமிக்கிறது. காட்டும்போது குறியை முன்னால் கொண்டுவர வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து ககரத்தின் இருபுறமும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தெரியாத பழைய கருவியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்த் தனியே நிற்கும், புள்ளி மெய்யின் தலையில் ஏறாமல் பக்கத்திற் கிடக்கும், வெறும் புள்ளி வட்டங்கள் இடையிடையே தோன்றும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறதென்று மிகப் பழைய மாதிரி எதையும் வாங்க வேண்டாம். அமேசான் 2016 முதல் தமிழ் மின்னூல்களை விற்று வருவதால், அண்மைக் காலக் கிண்டில்களில் பெட்டியைத் திறந்தவுடனேயே தமிழ் ஒழுங்காகத் தெரியும். கோபோவில் கொஞ்சம் கைவேலை உண்டு: கருவியைக் கணினியில் இணைத்து, 'ஃபொன்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதில் நோட்டோ போன்ற இலவசத் தமிழ் எழுத்துரு ஒன்றை இட வேண்டும். முன்னர் சொன்ன கேஓரீடரைக் கோபோவில் எளிதாக நிறுவலாம், அதில் தமிழ் நன்றாக வரும். கிண்டிலில் அதை நிறுவ வேண்டுமானால் கருவியின் மென்பொருட் பூட்டை உடைக்க வேண்டும். முதற் கருவியில் அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

திரையின் நுணுக்கத்திலும் கவனம் தேவை. 2019இல் வந்த அடிப்படைக் கிண்டிலில் அங்குலத்துக்கு 167 புள்ளிகள்தான். 2022இலும் 2024இலும் வந்தவற்றில் 300. ஆங்கில வாசகர்கள் பலர் 167 போதும் என்பார்கள். தமிழுக்குப் போதாது என்பது என் துணிபு. சிறிய அளவில் வைத்து வாசிக்கும்போது ரகரத்துக்கும் காலுக்கும் உள்ள வேறுபாடு அடியிலுள்ள ஒரு சிறு சாய்கோடுதான். ழகரத்தின் சுழியும் மெய்யின் புள்ளியும் அதைவிட நுண்மையானவை. அவை மங்கினால் எழுத்தைப் பெரிதாக்குவோம், பெரிதாக்கினால் ஒரு பக்கத்தில் பத்து வரிகூட நிற்காது, ஓயாமல் பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

சேமிப்பு அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒருங்குறியில் (யூனிகோட்) ஒரு தமிழ்க் குறிக்குப் பொதுவாக 3 பைட் பிடித்தாலும், படங்களில்லாத நாவல் ஒரு மெகாபைட்டைச் சுற்றித்தான் வரும். 8 கிகாபைட் கருவியே உங்களுக்குத் தாராளம்.

இனி விலை. 2024இன் அடிப்படைக் கிண்டில், பூட்டுத்திரையில் விளம்பரத்துடன், அமெரிக்காவில் 109.99 டொலருக்கு வெளியானது. டொலர் ஒன்றை 300 ரூபாயாக வைத்துக்கொண்டால் 33,000. அதே ஆண்டின் கோபோ கிளாரா பிடபிள்யூ வெளியானபோது 129.99 டொலர், அதாவது 39,000. நீர் புகாதது, ஒளியை மஞ்சளாக மாற்றும் வசதியும் உண்டு. அதே ஆண்டின் பேப்பர்வைட் என்ற உயர்ரகக் கிண்டில் வெளியானபோது 159.99 டொலர், 48,000 ரூபாய், அதை விட்டுவிடுங்கள். கொழும்பில் இறக்குமதி செய்து விற்பவர்களிடம் இவற்றின் விலை கூடும் என்பதால், தம்பி வாங்கி வருவதே மேல். அங்குள்ள விலையை முன்னரே விசாரிக்கச் சொல்லுங்கள். 2022இன் கிண்டில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் அதையே எடுக்கலாம். இரண்டுக்கும் நாவல் வாசிப்பவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது.

ஆக, உங்களுக்கு நான் சொல்வது 300 புள்ளித் திரையுள்ள அடிப்படைக் கிண்டில். கோபோவை நான் மதிப்பதற்குக் காரணம் உண்டு. ஈபப் கோப்பைக் கணினியிலிருந்து நேரே போட்டு வாசிக்கலாம். கிண்டில் அதை நேரே ஏற்காது, அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' வழியாக அனுப்பினால் மாற்றித் தரும், அல்லது கலிபர் என்ற இலவச மென்பொருளால் நாமே மாற்றலாம். 2025 பெப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி வைக்கும் வழியை அமேசான் மூடிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய நூல் நம் கையில் நிற்க வேண்டும் என்று நினைப்பவன் நான், ஆகவே இது எனக்கு உறுத்துகிறது. எனினும் நீங்கள் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும் நூல்களையே வாசிக்கப் போகிறீர்கள். அவற்றின் மூலப் பிரதியைக் கணினியில் வைத்துக்கொண்டால் எந்த நிறுவனத்தாலும் அவற்றைப் பறிக்க முடியாது.

அந்த நூல்கள் எங்கே என்றால், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் இலக்கியமும் பிற்கால ஆக்கங்களும் இருக்கின்றன. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் ஒவ்வொரு நூலையும் ஈபப் ஆகவும் 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப் ஆகவும் தருகிறது, ஈபப்பையே எடுங்கள். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் ஏராளம், அங்கும் ஈபப் ஆக இறக்கலாம்.

இந்த மூன்றிலும் எங்கள் மண்ணின் எழுத்து மிகக் குறைவு என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெளிவந்த கதை, கவிதை நூல்களிற் பல படமாக மட்டுமே காப்பாற்றப்பட்டிருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றியவர்களின் உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் சிறிய திரையில் ஒரு மாணவன் வாசிக்கும் வடிவத்தில் அவை இன்னும் வரவில்லை. கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் அச்சான நூல்களுக்குத் தட்டச்சுக் கோப்பு எழுத்தாளரிடமோ அச்சகத்திலோ எங்கேனும் கிடக்கக்கூடும். அவை பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். பாமினியில் 'அம்மா' என்பது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகளின் கோவை; அந்த எழுத்துருவின் உடை போட்டிருக்கும் வரை தமிழாகத் தெரியும், மின்வாசிப்பானில் போட்டால் உடை கழன்று ஆங்கிலக் குப்பையாக நிற்கும். நண்பர்கள் தங்கள் நூலை வேர்ட் கோப்பாக அனுப்பினால் இந்தச் சிக்கல் உங்களுக்கும் வரும். பாமினியை ஒருங்குறியாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. மாற்றியபின் ஆங்கிலச் சொற்களும் நிறுத்தக்குறிகளும் பிழையாகியிருக்கும், ஆகவே ஒருமுறை முழுவதும் மெய்ப்புப் பார்க்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த எழுத்தாளர்கள் யாரேனும் இருந்தால், அவர்களின் கோப்பைக் கேட்டு வாங்கி இந்த வேலையைச் செய்து, அவர்களின் சம்மதத்தோடு ஈபப் ஆக வெளியிடுங்கள். உயர்தர வகுப்பு மாணவர்களையும் இதில் ஈடுபடுத்தலாம்.

பாவித்த கருவியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தம்பி புதியதைக் கொண்டுவர முடியாமற் போனால் மட்டும் அந்தப் பக்கம் பாருங்கள். காசை முன்கூட்டி அனுப்பாமல், ஆளை நேரிற் கண்டு, கருவியைக் கையில் வாங்கிப் பார்த்த பின்னரே கொடுங்கள். கிண்டில் என்றால் முந்தியவரின் கணக்கிலிருந்து பதிவு நீக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கண் முன்னாலேயே உங்கள் கணக்கைப் பதிந்து பாருங்கள், திருட்டுப் போனதாக முறையிடப்பட்ட கருவி பதிவை ஏற்காது. விளக்கை முழுவதும் கூட்டி, வெள்ளைப் பக்கமொன்றில் கோடோ கரும்புள்ளியோ இருக்கிறதா என்று கவனியுங்கள். திரையின் உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடி, பையில் அழுந்தினாலே கீறி விடும். ஆகவே புதியதோ பழையதோ, கடினமான உறையொன்றையும் சேர்த்தே கணக்கில் எடுங்கள். மின்னேற்றும் துளையில் கேபிள் ஆடாமல் நிற்க வேண்டும். கடற்காற்றில் இருந்த கருவிகளில் முதலிற் கெடுவது அந்த இடம்தான்.

கருவி கைக்கு வந்ததும் 'கொக்கு', 'கௌதாரி', 'பூஞ்சோலை', 'ஸ்ரீ' என்ற சொற்களை ஒருங்குறியில் தட்டச்சு செய்து ஒரு சிறு கோப்பாக அனுப்பித் திறந்து பாருங்கள். ஏதேனும் உடைந்து தெரிந்தால், படமெடுத்து மாதிரியின் பெயரோடு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து