ஜாடியில் குறைந்த உப்பு, சுவரில் பூத்த உப்பு

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் இருப்பது மாமனார் கட்டிய பழைய வீடு. பங்குனியில் மூன்று கிலோ வடு வாங்கி, அம்மா சொன்ன பக்குவத்தில் மாவடு போட்டேன். வீட்டுக்காரருக்கு பி.பி. இருப்பதால் உப்பை மட்டும் பாதியாகக் குறைத்தேன். பன்னிரண்டாம் நாள் பார்த்தால் மேலே பச்சையும் கறுப்புமாகப் பூசணம். வீட்டு விலக்கு நாளில் நான் ஜாடியைத் தொட்டதுதான் காரணம் என்கிறார் மாமியார். பூசணத்தை வழித்துவிட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினால் சரியாகுமா? இன்னொரு தொல்லை: ஜாடி இருந்த அலமாரிச் சுவரில் பெயின்ட் உப்பிக்கொண்டு வெள்ளைத் தூள் கொட்டுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. வீட்டுக்காரர் ஒரு டப்பா வாட்டர்புரூஃப் பெயின்ட் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை தானே அடிக்கப்போவதாகச் சொல்கிறார். சுவர் ஈரம்தான் ஜாடிக்கும் ஏறிவிட்டதா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் மாமியார் சொன்னதை முடித்துவிடுவோம். உங்கள் கை பட்டதால் வடு கெடவில்லை. மாதத்தில் எந்த நாளாக இருந்தாலும் கழுவித் துடைத்த கை சுத்தமான கைதான். பூசணத்துக்கு நாள் கிழமை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் காற்று, ஈரம், உப்புக் குறைவு. இந்த மூன்றும் உங்கள் ஜாடிக்குள் கூடி உட்கார்ந்திருந்தன. இந்தப் பதிலை அத்தையிடம் காட்டுவதா, மடித்து வைத்துக்கொள்வதா என்பது உங்கள் பாடு.

அந்த மூன்று கிலோவையும் கொட்டிவிடுங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் மேலே தெரிவது பூசணத்தின் தலை மட்டும்தான். அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். சில வகைப் பூசணம் விடும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் மேல் வழவழப்பாக மெல்லிய வெள்ளை ஆடை மட்டும் படர்ந்திருந்தால் அது வேறு சங்கதி, ஈஸ்ட் வகை. நீங்கள் எழுதியிருப்பதோ பச்சை, கறுப்பு. அதற்கு வைத்தியம் கிடையாது.

இனி உப்பு. மாவடு ஊறுவது நாம் ஊற்றும் தண்ணீரில் இல்லை, வடு தானே விடும் தண்ணீரில். உப்பு காய்க்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். மூன்று நான்கு நாள் குலுக்கிக் குலுக்கி வைத்தால் தண்ணீர் மேலேறி, வடு சுருங்கி அமுங்கும். உப்பைப் பாதியாக்கினால் தண்ணீர் குறைவாகத்தான் விடும். விடுகிற தண்ணீரும் நீர்த்துப் போயிருக்கும். மேல் வரிசை வடு தலையை நீட்டிக்கொண்டு காற்றில் நிற்கும். பூசணம் அங்கேதான் பிடிக்கும். உங்கள் ஜாடியிலும் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

எங்கள் வீட்டில் படிக் கணக்குதான்: ஒரு படி வடுவுக்கு அரைக்கால் படி கல்லுப்பு. இந்தக் கணக்கை இப்போது தராசுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. ஏனென்றால் ஒரு டம்ளர் தூள் உப்பும் ஒரு டம்ளர் கல்லுப்பும் ஒரே எடை இல்லை; கல்லுக்குக் கல் இடைவெளி விடுவதால் கல்லுப்பு குறைவாகவே நிற்கும். உப்பையே நம்பிப் போடும் ஊறுகாயில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்காவது உப்பு இருக்க வேண்டும் என்பது கடையில் விற்கும் ஊறுகாய்க்கு நம் நாட்டில் வைத்திருக்கும் விதி. வீட்டுக்கும் அதே அளவை வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ வடு, 150 கிராம் உப்பு, மிளகாய்த்தூள், கடுகு, மஞ்சள் எல்லாம் சேர்ந்து ஐம்பது கிராம் என்றால் மொத்தம் 1,200 கிராம். அதில் 150 என்பது பன்னிரண்டரை சதவீதம். இதற்குக் கீழே இறங்காதீர்கள்.

அப்படியானால் வீட்டுக்காரரின் பி.பி.? குறைக்க வேண்டியது ஜாடியில் இல்லை, தட்டில். ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லாம் சேர்த்து ஐந்து கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து கிராம் எடையுள்ள ஒரு வடு நன்றாக ஊறிவிட்டால் அதில் ஏறக்குறைய ஒன்றேகால் கிராம் உப்பு இருக்கும். அதாவது ஒரே வடுவில் அன்றைய கணக்கில் கால் பங்கு காலி! தயிர்சாதத்துக்கு அரை வடுவைக் கடித்துக்கொள்ளட்டும்; அந்தக் காரத் தண்ணீரைச் சாதத்தில் ஊற்றிப் பிசைவதை மட்டும் விடச் சொல்லுங்கள். ருசியெல்லாம் அதில்தான், ஒப்புக்கொள்கிறேன். உப்பும் அதில்தான். மற்ற நாட்களில் ஒரே ஒரு கிளிமூக்கு மாங்காயைப் பொடியாக நறுக்கி, குறைந்த உப்பில் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாளில் தீர்ந்துவிடும் அளவுக்கு மட்டும் போட்டால் போதும்.

அடுத்த பங்குனிக்குச் சில சின்ன விஷயங்கள். வடுவில் காம்பு துளி ஒட்டியிருக்கட்டும். காம்பு பிய்ந்த வாயிலிருந்துதான் அழுகல் தொடங்கும். அடிபட்டதைக் கூசாமல் ஒதுக்குங்கள். கழுவியபின் துணியில் பரப்பி நிழலில் ஈரம் போக உலர்த்தி, விளக்கெண்ணெய் பிசறி, அப்புறம் உப்பு. பீங்கான் ஜாடியை வெந்நீரில் கழுவி ஒரு பகல் முழுக்க வெயிலில் கவிழ்த்து, நிமிர்த்திக் காயவிடுங்கள். ஜாடி வாயில் வேடு கட்டும் துணியும் அப்படியே. கடுகைப் பச்சையாக அரைத்துச் சேர்த்தால் அதன் காரநெடியும் பூசணத்துக்கு ஆகாது. குலுக்க வருகிறதா பாருங்கள். வராவிட்டால் காய்ந்த மர அகப்பையால் அடிவரை புரட்டிவிடலாம். தண்ணீர் மேலே நின்றபிறகும் தலை நீட்டும் வடு இருந்தால் ஒரு சின்னப் பீங்கான் தட்டை உள்ளே கவிழ்த்து அமுக்குங்கள்.

சரி, சுவருக்கு வருவோம். சுவர் ஈரம் பீங்கானை ஊடுருவி உள்ளே போகாது. ஆனால் புழுக்கமான அலமாரியில் வேடு துணி நமுத்துப்போய்க் கிடந்திருக்கும். அது கெடுதலுக்கு ஒரு கை கொடுத்திருக்கலாம். முக்கியக் குற்றவாளி உப்புக் குறைவுதான். வேடிக்கை என்னவென்றால், ஜாடியில் குறைந்த உப்பு சுவரில் கூடியிருக்கிறது! அந்த வெள்ளைத் தூளைக் கொஞ்சம் சுரண்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கரைந்துவிடும்; பூசணமானால் கரையாது. கரைந்தால், கொத்தனார்கள் ‘உப்பு பூத்துவிட்டது’ என்பார்களே, அதுதான். செங்கலிலும் பூச்சிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வெளியே வரும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கி மணிமணியாக விளைந்து பெயின்ட்டையும் பூச்சையும் தள்ளும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். அந்த டப்பா வீண் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்கிறேன். ஈரச் சுவரின் மேல் தண்ணீர் புகாத பெயின்ட்டை அடித்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பக்கத்திலோ மேலேயோ போய் உப்பும். நான் இதைக் காசு கொடுத்துக் கற்றேன். எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் இரண்டு முறை பெயின்ட் அடித்து இரண்டு முறையும் ஆறே மாதத்தில் அப்பளம் மாதிரி பொரிந்தது. மூன்றாம் முறை வந்த வயதான கொத்தனார் பெயின்ட் டப்பாவைத் தொடவே இல்லை. கொல்லைப்பக்கம் போய், மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயில் இருந்த விரிசலைக் காட்டிவிட்டு டீ கேட்டார்.

உங்கள் வீட்டுக்காரரின் கைக்கு வேலை வேண்டுமென்றால் இதைக் கொடுங்கள். ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டுச் சுற்றி, பக்கத்தில் தேதி எழுதட்டும். வாரம் ஒரு முறை பார்த்தால் ஈரம் வளர்கிறதா, வடிகிறதா என்று தெரியும். இன்னொரு சோதனை: சுரண்டித் துடைத்த இடத்தில் ஒரு அடிச் சதுரப் பாலிதீன் தாளை வைத்து, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே முத்துமுத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. சமையலறைப் பக்கம் இருக்கும் தாளின் வெளிமுகத்தில் நின்றால் அது அடுப்பு ஆவி. ஜன்னலைத் திறந்து வைப்பதும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் பாதிக் கவலையைத் தீர்த்துவிடும்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் குளியலறை மேல்தான். டைல்ஸ் இடுக்குகளில் நகத்தை வைத்து ஓட்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக கிரௌட் அடைக்க வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில் சிலிக்கான் இழுக்கலாம். இது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. அது நன்றாகக் காயும் வரை அந்தப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, அவ்வளவுதான். இடுக்கெல்லாம் கெட்டியாக இருந்தும் கோடு வளர்ந்தால் குழாய் கசிவு. இரவில் எல்லாக் குழாயையும் மூடி, மேல் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டுக் காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். சுவரை உடைக்கும் வேலையை வீடியோ பார்த்துச் செய்ய வேண்டாம்.

முக்கியமாக, அந்த ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு ஏதும் இருந்தால் இன்றைக்கே எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

கசிவை அடைத்தபிறகு பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். பொதபொதவென்று இருக்கும் பூச்சைத் தட்டி எடுத்துவிடுங்கள். பழைய செங்கல் சுவர் உலர மாதக்கணக்கில் ஆகும். கத்திரி வெயில் உதவும், ஆனாலும் அவசரம் கூடாது. காய்ந்தபின் அந்த ஒரு சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தால் என்ன என்பேன். சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும், அதன் காரத்தன்மையில் பூசணமும் லேசில் பிடிக்காது. நீர்த்த சுண்ணாம்பாக வாங்கிப் பால் பதத்தில் கரைத்து, துணியில் வடிகட்டி, தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரப் பசை கொஞ்சம் சேர்த்து, மெல்லியதாக இரண்டு மூன்று கை அடிக்க வேண்டும். பழைய பெயின்ட் மேல் ஒட்டாது, முழுக்கச் சுரண்டியாக வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக்கூடாது.

வடு பருவம் போய்விட்டது. சித்திரை மாங்காய் இருக்கிறது. நறுக்கி, உப்புப் பிசறி, மொட்டைமாடியில் நான்கைந்து நாள் காயப்போட்டு வற்றலாக எடுத்து வையுங்கள். பென்சில் கோடு ஒரு மாதம் அசையாமல் நின்ற பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அது வரைக்கும் அந்த அலமாரியில் அரிசி டின்னைக்கூட வைக்காதீர்கள்.