நீட் கைகொடுக்காத மகளுக்குப் புற்றுநோய் ஆராய்ச்சி எட்டுமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் இரண்டாவது தடவையும் நீட் எழுதிவிட்டாள், அரசு இடத்துக்கான மதிப்பெண் வரவில்லை. இன்னொரு வருஷம் ரிப்பீட்டர் பேட்ச்சில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். அவளோ, "எனக்கு டாக்டர்தான் ஆகணும்னு இல்லப்பா, தாத்தாவுக்கு வந்த நோயைப் பத்தி ஆராய்ச்சி பண்ணணும்" என்கிறாள். டாக்டருக்குப் படிக்காதவளைப் புற்றுநோய் ஆராய்ச்சியில் யார் உள்ளே விடுவார்கள் என்பது உங்கள் பயம்.

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நாற்பது வருஷம் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டிய உங்கள் அப்பாவுக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்று. தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் 'அந்த மருந்து' கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கரண்ட், அதாவது கதிர்வீச்சு, மட்டும் வைத்தார்கள். அதற்கப்புறம் பல மாதம் மூக்கில் டியூப். பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகள்தான் அதில் கஞ்சி ஊற்றினாள். "தாத்தாவால ஏன் முழுங்க முடியல?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், யாரும் பதில் சொல்லவில்லை.

ஐயா, தலை-கழுத்துப் புற்றுநோய் ஆராய்ச்சியில் ஒரு பெரிய பகுதி அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான். தேடுகிறவர்களில் பலர் டாக்டர்கள் அல்ல.

முதலில் காது விஷயத்தைச் சொல்கிறேன். அந்த மருந்து அநேகமாக சிஸ்பிளாட்டினாக இருக்கும். இந்த வகைப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கும் முக்கியமான மருந்து அது. ஆனால் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியது. ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்தவருக்கு அதைக் கொடுக்கத் தயங்குவார்கள். அப்படி சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாதவர்களுக்கு என்ன செய்வது என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 356 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு பாதிக்குக் கதிர்வீச்சு மட்டும். இன்னொரு பாதிக்கு அதோடு வாரம் ஒரு முறை டோசிடாக்செல் என்ற மருந்து. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 2023-இல் முடிவு அச்சில் வந்தது. இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 41.7 சதவீதம், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 50.8 சதவீதம். உங்கள் அப்பா சிகிச்சை எடுத்தபோது இந்த முடிவு வெளிவந்திருக்கவில்லை. அதனால் எதையோ விட்டுவிட்டோமே என்று மனம் வருந்த வேண்டாம்.

இதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. உங்கள் மகள் கவனிக்க வேண்டியது அதைத்தான். டோசிடாக்செல் சேர்த்தபோது, கடுமையான வாய்ப்புண் வந்தவர்கள் 22.2 சதவீதத்திலிருந்து 49.7 சதவீதமாகக் கூடினார்கள். விழுங்குவதில் கடும் சிரமப்பட்டவர்களும் கூடினார்கள். உயிர் பிழைப்பவர்கள் அதிகம், அதற்காகப் படும் பாடும் அதிகம். அந்தப் பாட்டைக் குறைப்பது எப்படி? எப்போது டியூப் வைப்பது, எப்போது எடுப்பது? எந்தப் பயிற்சி கொடுத்தால் ஒருவர் மறுபடி இட்லியைச் சட்னியில் தொட்டுச் சாப்பிடுவார்? இவை மருந்து கண்டுபிடிப்பதற்குக் குறைந்த கேள்விகள் அல்ல. என்னைக் கேட்டால், நம் ஊரில் ஆள் பற்றாமல் கிடக்கும் கேள்விகள் இவைதான்.

தாத்தாவால் ஏன் விழுங்க முடியவில்லை என்பதற்கு மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். தொண்டையைச் சுற்றி வளையம் போலச் சில தசைகள் இருக்கின்றன. நாம் சோற்றை விழுங்கும்போது அவைதான் பிடித்துக் கீழே தள்ளுகின்றன. கதிர்வீச்சு புற்றை அழிக்கும்போது பக்கத்தில் இருக்கும் இந்தத் தசைகள் மீதும் படுகிறது. நாளாக நாளாக அவை இறுகிவிடும். எச்சில் சுரப்பிகளும் அடி வாங்குவதால் வாய் வறண்டுவிடும். வலிக்குப் பயந்து வாரக்கணக்கில் விழுங்காமலே இருந்தால் தசை இன்னும் பலம் இழக்கும்.

இந்தத் தசைகளைத் தவிர்த்துக் கதிர்வீச்சைச் செலுத்த முடியுமா என்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 'டார்ஸ்' என்ற பெயரில் ஒரு ஆய்வு நடந்தது. தொண்டைப் புற்றுநோயாளிகள் 112 பேர். முடிவு 2023-இல் வந்தது: தசைகளைக் காப்பாற்றும்படி திட்டமிட்டுச் சிகிச்சை பெற்றவர்கள், வழக்கமான கதிர்வீச்சு பெற்றவர்களைவிட ஒரு வருஷம் கழித்து நன்றாக விழுங்கினார்கள். நன்றாக விழுங்கினார்கள் என்பதை எதை வைத்து அளந்தார்கள் தெரியுமா? ஸ்கேனை வைத்து அல்ல. ஒரு கேள்வித்தாளை வைத்து. மற்றவர்கள் முன்னால் சாப்பிடக் கூச்சமாக இருக்கிறதா, சாப்பிட அதிக நேரம் ஆகிறதா என்பது போன்ற கேள்விகளுக்கு நோயாளியே பதில் சொன்னார். அந்த ஆய்வுக் குழுவில் டாக்டர்களோடு பேச்சு-விழுங்கல் சிகிச்சையாளர்களும் இருந்தார்கள். உங்கள் மகள் போக வேண்டிய வழி அது என்று நினைக்கிறேன்.

அந்தப் படிப்பின் பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி. கேட்டல், பேச்சு, மொழி, விழுங்கல் நான்கையும் சேர்த்த பட்டப்படிப்பு. கடைசி ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், மொத்தம் நான்கு வருஷம். மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இதற்குப் பேர் போனது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலும் இருக்கிறது. எந்தக் கல்லூரியாக இருந்தாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். சேர்க்கை விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால், அந்த வருஷத்து விவரக் குறிப்பேட்டை நீங்களே படியுங்கள், ஏஜென்ட் சொல்வதை நம்பாதீர்கள்.

ஒரு உண்மையை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தப் படிப்பில் புற்றுநோய் ஒரு மூலைதான். காது கேளாத குழந்தைகள், திக்குவாய், பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் என்றுதான் பெரும்பாலான நாட்கள் போகும். அந்த மூலைக்கு அவள் தன் விருப்பத்தால் நடந்து போக வேண்டும். முதுகலையில் விழுங்கல் குறைபாட்டை ஆய்வுத் தலைப்பாக எடுப்பது, புற்றுநோய் மருத்துவமனை உள்ள ஊரில் இன்டர்ன்ஷிப்புக்கு முயல்வது, இப்படித்தான். ஆனால் ஒன்று: சிஸ்பிளாட்டின் தொடங்கும் முன் நோயாளியின் காதைப் பரிசோதித்து ஆடியோகிராம் எடுப்பதும் இதே படிப்பு படித்தவர்தான். உங்கள் அப்பாவின் சிகிச்சையைத் திசை மாற்றிய அந்தக் காகிதத்தில் நாளைக்கு உங்கள் மகளின் கையெழுத்து இருக்கலாம்.

வேறு வழிகளும் உண்டு. பி.எஸ்சி. நர்சிங் படித்துப் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகலாம். உணவியல் படிக்கலாம். இயற்பியல் பிடித்தால் பி.எஸ்சி. முடித்து அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் முதுகலை. கதிர்வீச்சுத் திட்டம் போடுவது அவர்கள்தான். கணக்கு பிடித்தால் புள்ளியியல் படித்து வேலூர் சி.எம்.சி.யில் உயிர்ப் புள்ளியியல், அதாவது மருத்துவ ஆய்வுகளின் கணக்கைப் பார்க்கும் படிப்பு. டியூப்பில் கஞ்சி ஊற்றிய பெண்ணுக்கு நோயாளியின் பக்கத்தில் இருக்கும் வேலைதான் ஒத்துவரும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் அனுப்பிய அந்த ஆறு மாத 'கிளினிக்கல் ரிசர்ச் டிப்ளமோ' நோட்டீஸைப் பார்த்தேன். வேண்டாம் ஐயா. நூறு சதவீத வேலை என்று அச்சடித்துப் பெரிய தொகை கேட்கிறார்கள். அப்படிச் சேர்ந்துவிட்டு, கையில் ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலை நிஜமானது, நல்ல வேலையும்கூட. நோயாளிக்கு ஆய்வைத் தமிழில் விளக்கிச் சம்மதம் பெறுவது, வரவேண்டிய நாளில் வந்தாரா என்று பார்ப்பது, பக்கவிளைவைத் தரம் பிரித்துப் பதிவது, யாருக்காவது ஆபத்தான விளைவு வந்தால் ஆய்வில் சேர்ந்தவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போகும்படி ஓடுவது எல்லாம் அதில் அடங்கும். ஆனால் அந்த வேலைக்கும் நர்சிங், பார்மசி, உயிர் அறிவியல் போன்ற ஒரு பட்டம் அடிப்படையாக இருந்தால்தான் மதிப்பு. முதலில் கையில் ஒரு தொழில், அப்புறம் அதன் மேல் ஆராய்ச்சி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சம்பளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆரம்பத்தில் பெரிதாக இருக்காது. ஆராய்ச்சித் திட்டங்களில் வேலை பெரும்பாலும் ஒப்பந்தம்தான், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அதனால்தான் கையில் தொழில் வேண்டும் என்கிறேன். பேச்சு-கேட்டல் சிகிச்சையாளருக்கு மருத்துவமனை, பள்ளி, தனி கிளினிக் என்று எங்கும் இடம் உண்டு. இன்னொன்று, உங்கள் வீட்டில் யாரோ கேட்டதாக எழுதியிருந்தீர்களே: புற்றுநோய் வார்டில் வேலை பார்த்தால் நோய் ஒட்டாது. அந்தப் பயத்தை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

"டாக்டர் இல்லாதவங்க செஞ்சு என்ன ஆகப் போகுது" என்று கேட்கும் உங்கள் மைத்துனரிடம் திருவனந்தபுரத்தைச் சொல்லுங்கள். அங்கே 1996-இல் தொடங்கிய வாய்ப் புற்றுநோய்க் கண்டறிதல் ஆய்வில் வீடு வீடாகப் போய், மக்களின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள். 2005-இல் வந்த முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

மூன்றாவது முறை நீட் எழுதுவது பற்றி: அவளுக்கே ஆசை இருந்தால் எழுதட்டும். அவள் கேட்காதபோது நீங்கள் சேர்த்துவிட வேண்டாம்.

இந்த வாரம் அவளுக்கு இரண்டு வேலை. இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு என்று ஒரு இணையதளம் இருக்கிறது, சி.டி.ஆர்.ஐ. என்பார்கள். நம் நாட்டில் நடக்கும் ஆய்வுகளை அதில் பதிய வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு இல்லை. தலை-கழுத்துப் புற்று என்று தேடி, விழுங்கல், வாய்ப்புண், உணவு சம்பந்தப்பட்ட பத்து ஆய்வுகளை எடுத்து, அவற்றை நடத்துகிறவர்கள் என்ன படித்திருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். இரண்டாவது, உங்கள் அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவில் இருந்தால் அவளிடம் கொடுங்கள். எத்தனை நாள் கரண்ட் வைத்தார்கள், டியூப் எந்தத் தேதியில் போட்டார்கள் என்று அவளே படித்துப் பார்க்கட்டும். புரியாததை அடிக்கோடிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் போன் செய்யுங்கள். அவளும் பக்கத்தில் இருக்கட்டும். அந்த நோட்டை வைத்துக்கொண்டு அவளோடுதான் நான் முதலில் பேச வேண்டும்.