வீட்டுக்கார அம்மாவிடம் முதலில் கேட்க வேண்டியது

கேள்வி: எனக்கு வயது 56, மனைவிக்கு 47. மதுரையில் விருப்ப ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். தாய்லாந்தின் ஹுவா ஹின்னில் ஓரிரு வருடம் இருந்து பார்க்கலாம் என்று எண்ணம். கடற்கரை ஓரமாக ஒரு வீடு அமைந்திருக்கிறது. வாடகை மாதம் 14,000 பாத், கரன்ட் யூனிட்டுக்கு 8 பாத். வங்கியில் பணம் காட்டாமலே விசா முடித்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். முன்பணம் கொடுத்துவிடலாமா? நாங்கள் சுத்த சைவம்.

பதில்: பொறுங்கள். முன்பணத்தை எடுக்கும் முன் அந்த வீட்டுக்கார அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: "டி.எம்.30 பதிந்து ரசீது தருவீர்களா?" அவர் முகம் மாறினால் வேறு வீடு பாருங்கள், பால்கனியில் அலை வந்து மோதினாலும் சரி.

வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டுச் சட்டம். அந்த அறிவிப்புக்குத்தான் டி.எம்.30 என்று பெயர். கடமை அவருடையது, ஆனால் ரசீது இல்லாமல் கவுன்டரில் திரும்பி வருவது நீங்கள். விசா நீட்டிப்பு, ஓட்டுநர் உரிமத்துக்கான இருப்பிடச் சான்று என்று எதற்குப் போனாலும் அதைக் கேட்பார்கள். வாடகை வருமானத்தை வரிக்கணக்கில் காட்டாதவர்கள் இதில் நழுவுவார்கள். இங்கே தாய்லாந்தில் நான் முதலில் இருந்த வீட்டின் உரிமையாளர் தங்கமான மனிதர், தினமும் மாம்பழம் கொடுத்தனுப்புவார். ரசீது என்றால் மட்டும் "நாளைக்கு" என்பார். நீட்டிப்புத் தேதி நெருங்கியதும் மாம்பழத்தை விட்டுவிட்டு வேறு வீடு மாறினேன்.

அடுத்து, ஏஜென்ட். 50 வயது தாண்டியவர்களுக்கான ஓய்வுக்கால வழியில் முதலில் 90 நாள் விசா, பிறகு ஒரு வருட நீட்டிப்பு. அதற்கு உங்கள் பெயரில் தாய் வங்கிக் கணக்கில் 800,000 பாத், விண்ணப்பிக்க இரண்டு மாதம் முன்பிருந்தே இருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பிறகும் மூன்று மாதம் அதைத் தொடக்கூடாது, அதன் பின் 400,000க்குக் கீழே இறங்கக்கூடாது. இல்லையென்றால் மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல் முடங்குகிறது என்ற தயக்கம் நியாயம்தான். ஆனால் பணம் வேண்டாம் என்கிற ஏஜென்ட் செய்வது, யாருடைய பணத்தையோ உங்கள் கணக்கில் சில நாள் போட்டு எடுப்பது. மாட்டினால் கறுப்பு முத்திரை விழுவது உங்கள் பாஸ்போர்ட்டில். பணத்தைச் சொந்தமாகப் போட முடியாவிட்டால் இந்த வழியே வேண்டாம், சுற்றுலாவாக வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உங்கள் மனைவிக்கு 50 ஆகவில்லை. அவரை உங்களைச் சார்ந்தவராகச் சேர்க்கலாம், அவருக்கென்று தனியாக 800,000 வேண்டியதில்லை. ஆனால் திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009இல் வந்தது. அதற்கு முன் கல்யாணம் முடித்த பலரிடம் அழைப்பிதழும் ஆல்பமும்தான் இருக்கும், அதை இங்கே யாரும் ஏற்க மாட்டார்கள். இப்போதே மதுரையில் பதிந்து, நம் வெளியுறவுத் துறையின் சான்றொப்பமும் தாய்லாந்து தரப்பின் சான்றொப்பமும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இங்கே வந்தபின் அலைவது இரட்டிப்பு வேலை.

மற்றவை சின்ன விஷயம், ஆனால் தேதி தவறக்கூடாது. 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும், ஆன்லைனிலும் செய்யலாம். ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போவதானாலும் மறுநுழைவு அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். ஒரு முறைக்கு 1,000 பாத், பலமுறைக்கு 3,800. வாங்காமல் விமானம் ஏறினால் ஒரு வருட நீட்டிப்பு அன்றோடு போயிற்று.

கரன்ட்டுக்கு வருவோம். யூனிட்டுக்கு 8 பாத் என்பது வீட்டுக்காரர் வைத்த விலை. மாகாண மின்சார ஆணையத்தின் பில் நேராக உங்களுக்கே வந்தால், கிட்டத்தட்ட பாதிதான் ஆகும். ஏ.சி. ஓடுகிற வீட்டில் மாதம் 400 யூனிட் என்றால் 8 பாத் கணக்கில் 3,200 பாத் வருகிறது. அரசு பில்லை செவன் இலெவன் கடையில் நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று பேசிப் பாருங்கள், வாடகையில் 500 கூட்டிக் கேட்டாலும் லாபம். கடலை ஒட்டிய வீட்டில் உப்புக்காற்று ஏ.சி.யை அரித்துத் தின்றுவிடும். பழுது யார் செலவு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஊரின் பிரதான சாலையான பெட்காசேம் சாலைக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் மேற்கே போகப் போக வாடகை இறங்கும், ஆனால் வண்டி வேண்டும். இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் நமக்குக் கை பழகியிருக்கும், அதுவே ஆபத்தும்கூட. உரிமம் இல்லாமல் ஸ்கூட்டரில் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும்.

சாப்பாடு. "சைவம்" என்று சொன்னால் மீன் சாஸ் ஊற்றித் தருவார்கள், அவர்களைப் பொறுத்தவரை அது உப்பு. "மை சாய் நாம் பிளா" என்று சொல்லப் பழகுங்கள், மீன் சாஸ் வேண்டாம் என்று பொருள். குழம்பு விழுதில் கப்பி இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது காப்பி இல்லை, கூனி இறாலை இடித்த விழுது. நம்பிச் சாப்பிட மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று போட்ட கடைகள் உண்டு. அங்கே பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். வீட்டில் சமைக்கத் தேங்காய், புளி, வெண்டைக்காய்க்குப் பஞ்சமில்லை. முருங்கைக்காயும் கிடைக்கும், சந்தையில் "மரும்" என்று கேளுங்கள். தாய்ச் சமையலில் கறிவேப்பிலைக்கு வேலையில்லை, ஆகவே பாங்காக் போகும்போது பாகுரத் பகுதி இந்தியக் கடைகளில் பருப்போடு சேர்த்து வாங்கி வந்து உறையவைத்துக்கொள்ளுங்கள்.