குளிர் தாங்கும் பனைகள்: வாங்குமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: முகநூல் வழியாகக் கன்றுகள் விற்கும் ஒருவர், "பல்கேரியா" என்னும் விசிறிப் பனை வகை பூச்சியத்துக்குக் கீழே 27 பாகை வரை தாங்கும் என்று கூறி, சாதாரண சீன விசிறிப் பனைக் கன்றைவிட மூன்று மடங்கு விலை கேட்கிறார். தை, மாசி மாதங்களில் எங்கள் பக்கம் பனி விழுந்து கொழுந்து கருகிப்போகும். அந்த விலையைக் கொடுக்கலாமா? (கந்தப்பளை வாசகர்)

பதில்: கொடுக்க வேண்டியதில்லை. சீன விசிறிப் பனை, அதாவது ட்ரக்கிகார்பஸ் ஃபோர்ச்சுனி, எந்தச் சிறப்புப் பெயரும் இல்லாமலே, வளர்ந்த நிலையில் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 15 பாகை செல்சியஸ் வரையிலான குளிரைத் தாங்கக்கூடியது. (சீனத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கொண்டுசென்ற ராபர்ட் ஃபோர்ச்சூன்தான் 1849இல் இந்தப் பனையையும் இங்கிலாந்துக்கு அனுப்பினார், மலையகத்துக்கு அது முற்றிலும் அந்நியமான பெயர் அல்ல.) நுவரெலியாவைச் சுற்றியுள்ள பள்ளங்களில் தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று இறங்கித் தேங்கி, புல்லின் மேல் உறைபனி படிகிறது என்பது உண்மையே. ஆனால் அது உறைநிலையை ஒட்டிய குளிர். விடிந்து வெயில் ஏறியதும் நீங்கிவிடும். 15 பாகைக்கும் 27 பாகைக்கும் இடையிலான வேறுபாடு உங்கள் தோட்டத்தில் ஒருநாளும் பயன்படப் போவதில்லை. அதற்காகக் கொடுக்கும் பணமும் அப்படியே.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பல்கேரியாவின் புளோவ்திவ் நகரில் கடுங்குளிர்காலங்களைக் கடந்து நின்ற சில முதிர்ந்த மரங்களின் வழிவந்த விதைகளுக்கே அந்தப் பெயர் வைக்கப்படுகிறது. விசிறிப் பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆகவே தாய் மரம் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், அருகில் நின்ற எந்த ஆண் மரத்தின் மகரந்தம் சேர்ந்ததோ அதன் குணமும் கன்றில் பாதி இருக்கும். மேலும் இது ஒற்றைத் தண்டும் ஒரே குருத்தும் உடைய மரம். வெட்டுத்துண்டு வைத்தோ ஒட்டுக் கட்டியோ பெருக்க முடியாது. தேயிலைத் தவறணையில் (நாற்றுப் பண்ணையில்) ஒரு நல்ல தாய்ச்செடியின் துண்டுகளிலிருந்து ஒரே மாதிரியான ஆயிரம் கன்றுகள் எடுக்கப்படுவதைக் கண்டு பழகிய நமக்கு, "வகை" என்றதும் அத்தகைய உறுதியே மனத்தில் எழுகிறது. பனை விதையில் அந்த உறுதி கிடையாது; ஒரே குலையிலிருந்து எடுத்த விதைகளில் சில குளிருக்குத் தப்பும், மீதி தப்பாது. தாங்கும் வகையை உண்மையிலேயே உருவாக்குபவர்கள் பெருந்தொகையாக விதைத்து, குளிரில் விட்டு, எஞ்சியவற்றை வளர்த்து, ஆண், பெண் இரண்டையும் அந்த எஞ்சியவற்றிலிருந்தே எடுத்து மீண்டும் இனப்பெருக்கம் செய்ய வேண்டும். ஒரு தலைமுறை பூக்கவே பல ஆண்டுகள் ஆகும் என்பதால், பெயர்ச்சீட்டை நம்பும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனையாவது தலைமுறை? தந்தை மரம் எது? பதில் வராவிட்டால் அது சாதாரணக் கன்று. சாதாரண விலையைக் கொடுங்கள்.

உங்கள் இடத்தில் பார்க்க வேண்டியது வேறு. வெயில் நன்றாகக் காயும் கோடை கிடைத்தால்தான் நிமிரும் பனைகள் உண்டு; அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்த ஊசிப் பனையும் குட்டைச் சேபல் பனையும் அவற்றுள் அடங்கும். கடுங்குளிரைத் தாங்குவதில் அவை முன்னணியில் நிற்பவை, ஆயினும் ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியிருக்கும் நுவரெலியாவில் அவை உயிரோடு இருந்தும் வளராமல் கிடக்கும். விசிறிப் பனை அப்படியல்ல. குளிர்ந்த கோடையும் தொடர்மழையும் உள்ள அயர்லாந்து, மேற்கு ஸ்கொட்லாந்துக் கரைகளிலேயே அது செழிக்கிறது. நம் மேட்டுநிலத்துக்குப் பொருந்துவதும் அதனால்தான். காற்று அறையும் மேட்டில் வீடு இருந்தால், சிறிய, விறைப்பான இலையுடைய வாக்னேரியானுஸ் எனப்படும் வடிவத்துக்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் உண்டு. அதன் இலை கிழிவதில்லை. அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தே வாங்கலாம்.

வாங்கும்போது நடுக்குருத்தை மெதுவாக மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் உள்ளே அழுகல் பிடித்திருக்கிறது. நம் ஈரத்தில் பனைக்கு எமன் உறைபனியைவிடக் குருத்தழுகலே. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கன்றை ஓடைப் பள்ளத்தில் நடாமல், நீர் வடியும் சரிவில் நட்டு, தெளிந்த தை மாத இரவுகளில் சாக்கால் மூடி வையுங்கள். தலை உயர்ந்தபின் அதுவும் தேவைப்படாது.

கேள்வி: "மியூல் பாம்" என்ற கலப்பினத்தின் விதைப் பொட்டலம் ஒன்று இணையத்தில் விற்கப்படுகிறது. தென்னையைப் போன்ற தோற்றம், ஆனால் குளிர் தாங்கும் என்கிறார்கள். முளைக்குமா? (பண்டாரவளை)

பதில்: முளைக்கலாம், முளைப்பது எது என்பதே கேள்வி. பூட்டியா பனையைத் தாயாகவும் ராணிப் பனை எனப்படும் சயாக்ரஸ் ரொமன்சோபியானாவைத் தந்தையாகவும் வைத்துச் செய்யும் கலப்பு இது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் தென்கரையில் நாபோனான் என்பவர் உருவாக்கியதால் பூட்யாக்ரஸ் நாபோனாண்டி என்று அதற்குப் பெயர். இந்தக் கலப்பு மரம் பெரும்பாலும் மலடு. ஆகவே "மியூல் பாம் மரத்திலிருந்து பறித்த விதை" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

உண்மையான விதை பூட்டியாத் தாய் மரத்தில்தான் கிடைக்கும். பூட்டியாவின் ஒரே பாளையில் ஆண் பூவும் பெண் பூவும் இருப்பதால், ஆண் பூக்கள் முழுவதையும் கையால் உதிர்த்து, பாளைக்கு உறை போட்டு, பெண் பூ மலரும் நாட்களில் வேற்று மகரந்தத்தைத் தூவ வேண்டும். வேலை கடினம், விலையும் அதற்கேற்றதே. ஆண் பூ கொஞ்சம் விடுபட்டால் விதையில் ஒரு பங்கு வெறும் பூட்டியாவாகவே முளைக்கும். அதனால் விதையை விட்டு, இறகிலை விரிந்த கன்றாக வாங்குங்கள்: சாம்பல் கலந்த நீலநிறமும், உள்நோக்கி வளைந்த ஓலையும், காம்பின் விளிம்பில் பலமான முட்களும் இருந்தால் அது பூட்டியா. பண்டாரவளையின் மிதமான குளிருக்கு அதுவும் மோசமான மரம் அல்ல, கலப்பின விலைக்கு வாங்காதவரை.

கேள்வி: எங்கள் வீடு கித்துள் (கூந்தற்பனை) நன்றாக வளரும் எல்லைக்குச் சற்று மேலே இருக்கிறது. குளிருக்கு ஏற்ற கித்துள் கன்று எங்காவது விற்பனைக்கு உண்டா? (வெலிமடை)

பதில்: அப்படிச் சொல்லி விற்கப்படும் கன்றை நம்பி வாங்காமல், விதையை நீங்களே தெரிவு செய்வதே நல்லது. உங்கள் பகுதியில் மிக உயரத்தில் நின்று பூத்துக் காய்க்கும் கித்துளைத் தேடி, அதன் பழத்தை எடுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: பாணிக்குப் பேர்போன மரத்தின் பாளைகள் எல்லாம் சீவப்பட்டுவிடுவதால் அது விதை தருவதே அரிது, சீவாமல் விட்ட மரமே தாராளமாக விதை சிந்துகிறது. அந்த மரம் ஏன் சீவப்படாமல் விடப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே நல்ல மரத்துக்காரரிடம் ஒரு பாளையையாவது காய்க்க விடும்படி பேசி, அதற்கு விலையும் கொடுங்கள். இந்தக் கேள்வியில் செலவழிக்கத் தகுந்த பணம் அதுதான். பழச்சதை கடுமையாக அரிக்கும். கையுறை இல்லாமல் பிசையாதீர்கள். விதை உலர்ந்துபோகுமுன் நடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலுள்ள மகன் விசிறிப் பனை விதையைப் பயணப் பெட்டியில் கொண்டுவரலாமா? (ஹட்டன்)

பதில்: கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், விதைக்கும் கன்றுக்கும் முன்கூட்டியே பெற்ற இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். வெலிகமைப் பக்கம் தென்னோலை வாடல் நோய் செய்த சேதத்தைப் பார்த்த நாட்டில் இந்தக் கெடுபிடி மிகையானது அல்ல. "வெளிநாட்டிலிருந்து நேரடியாக வந்தது" என்று பெருமையாகச் சொல்லும் விற்பனையாளரிடமும் அந்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வாக்னேரியானுஸ் என்று சொல்லி விற்ற கன்று, வளர்ந்தபின் சாதாரண விசிறிப் பனையாக இருக்கிறது. முறையிட வழி உண்டா? (இராகலை)

பதில்: உண்டு, ஆனால் காலம் உங்களுக்குச் சாதகமாக இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குக் கொடுக்கும் முறைப்பாடு, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் சேர வேண்டும். பனையின் வகை தெளிவாகத் தெரிய அதைவிட நெடுங்காலம் பிடிக்கும். எனவே இனிமேல் வாங்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். கேட்டால் கொடுப்பது விற்பனையாளரின் கடமை. அதில் "பனைக் கன்று 1" என்று மட்டும் எழுத விடாமல், வகையின் பெயரையும் விதை எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். விளம்பரத்தின் படத்தையும் தொலைபேசியில் சேமித்து வையுங்கள். வாங்கி மூன்று மாதம் ஆகாதிருந்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து, முறைப்பாட்டை எழுதி அனுப்ப வேண்டிய முகவரியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மரத்தை வெட்டிவிட வேண்டாம், அதுவும் குளிர் தாங்கும். ஒரு கவனம் மட்டும் தேவை: பெண் மரமாக இருந்து அருகில் ஆண் மரமும் இருந்தால் பறவைகள் விதையைப் பரப்பும். சுவிட்சர்லாந்தின் தெற்கிலுள்ள டிச்சினோக் காடுகளில் இந்தப் பனை அவ்வாறு பரவியதால், 2024 செப்டெம்பர் முதல் அந்த நாடு முழுவதும் அதன் விற்பனையே தடை செய்யப்பட்டுள்ளது. உங்கள் வேலிக்கு அப்பால் காடு இருந்தால், காய்க்குலை பழுக்குமுன் வெட்டிவிடுங்கள்.