மகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: எனக்கு 32 வயது. பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மாவோடு இருக்கிறேன். மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். பிரதேச செயலகத்தில் குடும்பப் பின்னணி அறிக்கை கொடுத்து, கணவரும் சம்மதித்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் போனேன். பிள்ளையை மாமியார் பார்த்துக்கொண்டார். இரண்டரை வருடம் கழித்துத் திரும்பி வந்தால், “பிள்ளையைப் போட்டுவிட்டுப் போனவள்” என்கிறார் கணவர். மகளுக்கு இப்போது ஒன்பது வயது, அப்பாயியைத்தான் “அம்மா” என்று கூப்பிடுகிறாள். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையோடு உளவியலாளரின் அறிக்கையும் வேண்டும் என்று நீதிபதி சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு டவுனில் கல்வீடு, எனக்கு லயத்துக் காம்பிரா. கணவர் குடித்துவிட்டு இரண்டு முறை கை நீட்டியிருக்கிறார். அதைச் சொன்னால் பழி போடுகிறேன் என்பார்களா? ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்க விடுகிறார்கள். உளவியலாளரிடம் என்ன பேச வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? பயத்தில் தூக்கமே இல்லை.

— பெயர் வேண்டாம், பண்டாரவளை

பதில்:

அன்புத் தங்கச்சி,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒரு வார்த்தைகூட வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த உளவியலாளர் எதற்காக வருகிறார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

அவர் நல்ல அம்மாவா, நல்ல அப்பாவா என்று புள்ளி போட வருகிறவர் இல்லை. இந்தப் பிள்ளைக்கு இந்த வயதில் என்ன வேண்டும், அதை யாரால், எப்படிக் கொடுக்க முடியும், இதைத்தான் அவர் தேட வேண்டும். அமெரிக்க உளவியல் சங்கம் இந்த வேலைக்கென்று 1994இல் வழிகாட்டி விதிகளை வெளியிட்டு, 2022இல் மறுபடி புதுப்பித்தது. அது நம் நாட்டுச் சட்டம் இல்லை. ஆனாலும் இந்தத் துறையில் முறையாகப் படித்தவர்கள் பலரும் பார்க்கும் அளவுகோல் அது. பிள்ளையின் நலன்தான் அதில் நடுவில் நிற்கிறது. நம் நீதிமன்றங்களும் அப்படித்தான். ஒல்லாந்தர் காலத்தில் நம் நாட்டுக்கு வந்த பழைய ரோமன் டச்சுச் சட்டத்தில் தகப்பனுக்கு முன்னுரிமை இருந்தது. அதைக் காட்டி உங்களை யாராவது பயமுறுத்தியிருக்கலாம். பிள்ளையின் நலன் வேறு பக்கம் இருந்தால் அந்த முன்னுரிமை நிற்காது என்று மேல்நீதிமன்றங்கள் எத்தனையோ வருடங்களாகச் சொல்லி வருகின்றன.

சரி, என்ன நடக்கும்? உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார், ஒரு தடவையோடு முடியாது. கணவரையும் அதேபோலத் தனியாகப் பார்ப்பார். மகளிடம் தனியாகப் பேசுவார். நீங்களும் மகளும் சேர்ந்து இருக்கும்போது கவனிப்பார், கணவரும் மகளும் சேர்ந்து இருக்கும்போதும் கவனிப்பார். அப்பாயியிடமும் பேச வேண்டும், ஏனென்றால் இரண்டரை வருடம் பிள்ளைக்குச் சோறு போட்டவர் அவர். வகுப்பு டீச்சரிடம் கேட்பார், கிளினிக் கார்டைப் பார்ப்பார், நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து எழுதியதைப் படிப்பார். ஒருவர் சொன்னதை இன்னொரு இடத்தில் சரிபார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு, பார்க்காத ஆளைப் பற்றி “இவருக்கு மனநோய்” என்று எழுத அவருக்கு உரிமை கிடையாது. அப்படி ஒரு அறிக்கை வந்தால் உங்கள் சட்டத்தரணி அதைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

சில இடங்களில் எழுத்துச் சோதனையும் கொடுப்பார்கள். ஆளுமையையும் மனநிலையையும் அளக்கிற எம்எம்பிஐ–2 என்று ஒன்று இருக்கிறது. 567 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது பிழை என்று குறிக்க வேண்டும். அது அமெரிக்காவில் உருவானது, பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை. ஆகவே அதன் புள்ளியை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். இப்படியான வழக்குகளில் பெற்றோர் தங்களைக் குறையே இல்லாதவர்களாகக் காட்டப் பார்ப்பார்கள், சோதனைத் தாளில் அது தெரிந்துவிடும். “எனக்குக் கோபமே வராது” என்று எழுதுகிற அம்மாவை யாரும் நம்ப மாட்டார்கள். கோபம் வரும் என்றால் வரும் என்றே போடுங்கள்.

உளவியலாளரிடம் நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்காது. நீதிபதிக்குப் போகும், கணவரின் சட்டத்தரணியும் படிப்பார். மனப்பாரத்தை இறக்கி வைக்கிற இடம் அது இல்லை. அதற்கு வேறொரு உளவளத்துணையாளரைத் தேடிக்கொள்ளுங்கள், தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்கு அது உண்மையிலேயே தேவை. அவரையே இந்த வழக்குக்கு அறிக்கை எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். ஆறுதல் சொல்கிறவரும் அளந்து எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

மொழியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. உளவியலாளருக்குத் தமிழ் தெரியாது என்றால், “எனக்கு மனசே சரியில்லை” என்று நீங்கள் சொன்னது வேறொரு மொழியில் மனநோயாகப் போய் விழலாம். “பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போவேன்” என்பது, பிள்ளைக்காம்பிரா என்றால் தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் என்று தெரியாத ஆளுக்குப் பிள்ளையைக் கைவிட்டதுபோலக் கேட்கலாம். நீதிமன்றத்தின் மொழி தெரியாதவருக்கு அரசே தமிழில் மொழிபெயர்ப்பு கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை சொல்கிறது. இந்தப் பேச்சுகளும் தமிழில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் பழகிய மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும் என்று அடுத்த தவணையிலேயே சட்டத்தரணி மூலம் கேளுங்கள். பக்கத்து லயத்து அண்ணனோ மாமியார் வீட்டு ஆளோ நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க விடாதீர்கள். சட்டத்தரணிக்குப் பணம் இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் பதுளை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

வீட்டைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். லயத்துக் காம்பிராவில் வளர்ந்து டீச்சராகவும் டொக்டராகவும் ஆன பிள்ளைகள் இந்த மலையில் எத்தனை பேர்! வீட்டுக்கு வருகிறவர் சுவரைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. பிள்ளை எங்கே படுப்பாள், எங்கே உட்கார்ந்து படிப்பாள், இரவில் யார் குடிக்கிறார்கள், மழைக்கு ஒழுகுமா, நீங்கள் கொழுந்துக்குப் போன நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் யார் இருப்பார்கள், இவற்றைக் கேட்பார். கடைசிக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும். “அம்மா இருக்கிறார், அவருக்கு முடியாத நாளில் நான் அரைநாள் வேலையோடு அரைப்பேர் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்” என்று சொன்னால், அது கல்வீட்டைவிடக் கனமான பதில். வெள்ளையடிக்கக் கடன் வாங்க வேண்டாம்.

“போட்டுவிட்டுப் போனவள்” என்ற பேச்சுக்கு உங்கள் கையில் காகிதம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த குடும்பப் பின்னணி அறிக்கைதான் அது, பிள்ளை உள்ள தாய்மார் வெளிநாடு போக 2013இல் இருந்து கேட்கப்பட்டு வந்தது. யார் பிள்ளையைப் பார்ப்பார் என்பது அதிலேயே இருக்கும். அந்தப் பிரதியை எடுங்கள். பணம் அனுப்பிய துண்டுகள், வட்ஸ்அப் குரல்பதிவுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள், ஒன்றையும் அழிக்காதீர்கள். குடும்பமாகச் சேர்ந்து எடுத்த முடிவு இது என்பதை அவை சொல்லும்.

கை நீட்டியதைக் கட்டாயம் சொல்லுங்கள். மிகைப்படுத்தாமல், குறைக்காமல், எந்த மாதம், எங்கே, பிள்ளை பார்த்தாளா, மருந்து எடுத்தீர்களா, பொலிஸுக்குப் போனீர்களா என்று நடந்தபடி சொல்லுங்கள். வீட்டு வன்முறையைக் கேட்டு அறிவது உளவியலாளர் வேலையின் ஒரு பகுதி, அது பழி போடுவது ஆகாது. கணவரோடு ஒரே அறையில் உட்காரப் பயம் என்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்காக அவர் மகளிடம் அன்பாக இருந்ததே இல்லை என்று சொல்லாதீர்கள். இருந்தால் அதையும் சொல்லுங்கள். பிள்ளையிடமிருந்து மற்றவரை ஒரேயடியாகப் பிரிக்க நினைக்கிறவர் யார் என்பதையும் உளவியலாளர் கவனிப்பார்.

இனி, உங்களுக்கு வலிக்கும் விஷயம். அப்பாயியை அவள் “அம்மா” என்று கூப்பிடுவது உங்கள்மேல் வந்த தீர்ப்பு இல்லை. ஆறு வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்த மடியில் சாய்ந்துகொண்டாள். சாயாமல் இருந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன். ஆனால் அந்தப் பாசம் உண்மை. அதை ஒரே நாளில் அறுத்து உங்களிடம் கொடுக்கச் சொல்லி எந்த நல்ல உளவியலாளரும் எழுத மாட்டார். முதலில் வார இறுதி, பிறகு பள்ளி விடுமுறை, அப்புறம் முழுமையாக என்று படிப்படியாக எழுதலாம். கொஞ்சக் காலம் அங்கேயே இருக்கட்டும் என்றும் எழுதலாம். அப்படி எழுதினாலும் முடிவு நீதிபதியுடையது. நிலைமை மாறினால் அந்தக் கட்டளையையும் மாற்றக் கேட்கலாம். “எனக்கு இப்போதே வேண்டும்” என்பதைவிட, “அப்பாயியை அவள் இழக்காமல் எப்படி என்னிடம் வருவது” என்று நீங்களே ஒரு வழி சொன்னால், அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்றேன்? 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஓர் ஆள் பாலர் பாடசாலைக்கு வந்து இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போனார். அவர் ஒன்றுமே செய்யவில்லை. அவர் கைபட்டது எல்லாம் உடைந்துவிடும் என்று முன்கூட்டியே சில பிள்ளைகளிடம் கதை சொல்லி, பிறகும் திரும்பத் திரும்ப அந்தத் திசையில் கேட்டபோது, புத்தகத்தைக் கிழித்தார், கரடிப் பொம்மையை அழுக்காக்கினார் என்று பல பிள்ளைகள் சொன்னார்கள். ஒன்றும் சொல்லிக்கொடுக்கப்படாத பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். அவர்கள் மூன்று முதல் ஆறு வயதுக்குட்பட்டவர்கள். உங்கள் மகள் பெரியவள், அவ்வளவு எளிதில் ஏமாற மாட்டாள். ஆனால் அவளுக்கு வேறு ஆபத்து இருக்கிறது. அம்மாவுக்காகப் பொய் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியும், அந்தப் பாரத்தை அவள் தனியாகச் சுமப்பாள். கேட்பவருக்கும் தெரிந்துவிடும். ஒன்பது வயதுப் பிள்ளை “எனது உரிமை” என்று பேசினால், அந்தச் சொல் யாருடையது என்று அவர் குறித்துக்கொள்வார். சொல்லிக்கொடுத்தது உங்கள்மேல்தான் வந்து விழும்.

உளவியலாளரும் அவளிடம் “யாரோடு இருக்க ஆசை?” என்று நேராகக் கேட்கக் கூடாது. காலையில் யார் எழுப்புவது, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவாய் என்று கேட்டு, அவள் போக்கில் பேச விட வேண்டும். பிள்ளையின் கருத்துக்கு மதிப்புக் கொடுப்பதாக 1991இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்ட நாடு நம்முடையது. மதிப்புக் கொடுப்பது வேறு, தீர்ப்பை அவள் தலையில் வைப்பது வேறு.

வரும் ஞாயிறு போகும்போது வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள், போனில் பதிவும் செய்யாதீர்கள். கணக்குக் கொப்பியைப் பாருங்கள், தலை பின்னிவிடுங்கள். அப்பாயி தேத்தண்ணி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். உளவியலாளரைப் பற்றி மகளே கேட்டால் இவ்வளவு சொல்லுங்கள்: “ஒருத்தர் உன்கூடப் பேச வருவாங்க. உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு, தெரியாட்டித் தெரியாதுன்னு சொல்லு. நீ என்ன சொன்னாலும் அம்மாவுக்குக் கோபம் வராது.”