மானியத்தை நம்பித் தொழில் தொடங்கலாமா? ஒடுகத்தூர்ப் பக்கத்துத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உணவு அறிவியலில் பட்டம் பெற்ற தங்கள் மகள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கிடைக்கும் வேலைக்குப் போகாமல், ஊரிலேயே சாமையை உமி நீக்கி அரிசியாகவும் மாவாகவும் விற்கும் சிறு ஆலை வைக்க விரும்புகிறார் என்றும், அரசு மானியம் தருகிறது என்று அவர் சொல்லும்போதெல்லாம் தங்களுக்கு நிலப் பத்திரம்தான் நினைவுக்கு வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சத்தில் ஒரு பாதி தேவையற்றது, மறுபாதி மிகவும் தேவையானது.

முதலில் பத்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குறு, சிறு தொழில்களுக்கான 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இத்தகைய கடன்களுக்கு உத்தரவாதம் அளிக்கவே அரசு தனியாக ஒரு நிதியம் வைத்திருக்கிறது. எனவே எட்டு லட்சம் ரூபாய்த் திட்டத்துக்குத் தங்கள் நிலம் அடமானத்துக்குப் போக வேண்டியதில்லை. கிளையில் யாரேனும் வற்புறுத்தினால், மறுப்பையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளரிடம் முறையிடுங்கள். வேலூர் மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி இந்தியன் வங்கி.

தேவையான அச்சம் மானியத்தைப் பற்றியது. மானியம் என்பது கையில் கொடுக்கும் பணம் அல்ல. தங்கள் மகளுக்கு மிகவும் பொருந்துவது, 2008-இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்கு இதில் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம் உண்டு. தாமாகப் போட வேண்டியது 5 சதவீதம். எட்டு லட்சம் ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டால், அவர் கையிலிருந்து 40,000 ரூபாய் போட, வங்கி 7 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கடன் தருகிறது. மானியமான 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் அவர் பெயரில் வங்கியிலேயே மூன்றாண்டுகள் வைப்பாக இருக்கும். அந்தத் தொகைக்கு வட்டி வராது, கடனில் அதற்கு ஈடான பகுதிக்கு வட்டியும் பிடிக்க மாட்டார்கள். மூன்றாண்டுகள் கழித்து, ஆலை உண்மையாகவே நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் அது கடனில் கழிக்கப்படும். இடையில் ஆலை மூடப்பட்டால் மானியம் திரும்பிப் போய்விடும், கடன் முழுவதும் அவர் தலையில் நிற்கும். மீதிக் கடனான 4 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வட்டி 11 சதவீதம், காலம் ஐந்தாண்டு என்று கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 10,400 ரூபாய் வருகிறது. மாதந்தோறும் இந்தத் தொகையைச் சாமை விற்றுக் கட்ட முடியுமா என்பதைத்தான் தாங்கள் தங்கள் மகளிடம் கேட்க வேண்டும். மானியமே இல்லாமலும் தள்ளாடாமல் நிற்கக்கூடிய தொழில் என்றால் தயங்காமல் அனுமதியுங்கள். மானியம் வந்தால்தான் கணக்கு நேராகும் என்றால், இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

இடத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஒடுகத்தூர்க் கடைத்தெருவை ஒட்டி வாடகைக்குக் கட்டடம் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒடுகத்தூர் பேரூராட்சி. இந்தத் திட்டத்தில் ஊராட்சிப் பகுதிகள்தாம் கிராமப்புறம் என்று கணக்கில் வருகின்றன, நகர்ப்புறம் என்றால் பெண்களுக்கான மானியம் 25 சதவீதமாகக் குறைந்துவிடும். எட்டு லட்சத்தில் இது 80,000 ரூபாய் வித்தியாசம். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், அந்த இடத்தின் முகவரியைச் சொல்லி, அது எந்த வகையில் சேரும் என்று வேலூர் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நிலம் வாங்கும் செலவைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது என்பதையும், புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டுமே இது கிடைக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் ஒப்புதல் ஆவதற்கு முன்னால் ஆசைப்பட்டு இயந்திரம் வாங்கிவிடக் கூடாது.

இனி, நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். தங்கள் மகள் அனுப்பிய திட்ட அறிக்கையில் உமி நீக்கும் இயந்திரம், கல் நீக்கும் இயந்திரம், மாவு அரைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் விலைப்புள்ளிகள் ஒழுங்காக உள்ளன. சாமை வாங்கும் பணத்துக்கு மட்டும் ஒரு மாதக் கணக்கே போட்டிருக்கிறார். ஜவ்வாது மலையில் சாமை ஆடியை ஒட்டி விதைக்கப்பட்டு, அறுவடை சில மாதங்களுக்குள் முடிந்துவிடும் பயிர். மலையிலிருந்து மூட்டை இறங்கும் அந்தக் காலத்தில் வாங்கி வைத்தால்தான் விலை கட்டும், அதற்குப் பிறகு வியாபாரி சொல்வதே விலை. அறுவடைக் காலத்தில் பல மாதத் தேவையை ஒரே வீச்சில் வாங்கும் பணம் கையில் இல்லாவிட்டால், நல்ல இயந்திரம் வெறுமனே நிற்கும். நடைமுறை மூலதனத்தை, அதாவது கொள்முதலுக்கும் அன்றாடச் செலவுக்குமான பணத்தை, திட்ட மதிப்பில் சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. எனவே இயந்திரத்தில் ஒன்றைக் குறைத்தாலும் பரவாயில்லை, கொள்முதலுக்கான தொகையை உயர்த்தி அறிக்கையைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். சாமை மிகச் சிறிய தானியம், அதே அளவுள்ள கல் அதில் கலந்திருக்கும். ஒரு கல் பல்லில் பட்டால் வாடிக்கையாளர் மறுமுறை வர மாட்டார் என்பதால், குறைப்பதாக இருந்தால் மாவு இயந்திரத்தைக் குறைக்கலாம், கல் நீக்கும் இயந்திரத்தைக் குறைக்கக் கூடாது. இடத்துக்கு மும்முனை மின் இணைப்பு உண்டா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கென 2020-இல் வந்த மற்றொரு மத்திய அரசுத் திட்டத்திலும் 35 சதவீத மானியம் உண்டு, உச்சவரம்பு 10 லட்சம். ஆனால் அதில் சொந்தப் பங்கு 10 சதவீதம். ஒரே ஆலைக்கு இரண்டு மானியங்களையும் பெற இயலாது. தங்கள் சமூகச் சான்றிதழ் பற்றி எழுதவில்லை. பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்றால், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியத்தோடு 6 சதவீத வட்டி மானியமும் உண்டு, அதையே முதலில் பாருங்கள். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லைப் பக்கத்து மலைவாழ் குடும்பங்களில் படித்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள், செய்தி அங்கே போய்ச் சேர்வது அரிது. மத்திய அரசின் இந்த இரு திட்டங்களும் 2025-26 வரையிலான காலத்துக்கு ஒப்புதல் பெற்றவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியை மாவட்டத் தொழில் மையத்தில் உறுதி செய்துகொள்வது அவசியம்.

வேலையா, தொழிலா என்ற தங்கள் கேள்விக்கு என் கருத்து இதுதான். பிரதமரின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் 18 வயது நிறைந்தால் போதும், மேல்வரம்பு இல்லை. ஆகவே ஒரு சாமைப் பருவம் முழுவதும் தங்கள் மகள் இந்தத் தொழிலைக் கற்பதால் வயது காரணமாக எந்த வாய்ப்பும் கெட்டுப்போகாது. திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது, விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இரண்டு இடங்களிலும் அவர் நேரில் போய்ப் பேசட்டும். கணக்கு எழுதவும் விற்கவும் கற்றுக்கொள்ள, முன்னோடி வங்கி நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் இலவசப் பயிற்சி உண்டு. அந்தப் பருவத்திலேயே, இயங்கும் ஆலை ஒன்றில் கூலிக்கு அரைத்து வாங்கி, வேலூர் உழவர் சந்தையைச் சுற்றியுள்ள கடைகளிலும் ஸ்ரீபுரம் சாலைக் கடைகளிலும் சொந்தப் பெயரில் விற்றுப் பார்க்கலாம். மறுமுறை கேட்கும் கடைகள் எத்தனை என்று தெரிந்துவிட்டால், திட்ட அறிக்கையின் விற்பனைப் பக்கத்தை ஊகமின்றி எழுதலாம். வங்கி மேலாளர் முதலில் புரட்டிப் பார்ப்பதும் அந்தப் பக்கத்தைத்தான்.

விண்ணப்பம் இணையவழி, கட்டணம் கிடையாது. மானியம் வாங்கித் தருகிறேன் என்று பங்கு கேட்டு வருபவரிடம் ஆதார் நகலைக்கூடக் கொடுக்க வேண்டாம். திருத்திய அறிக்கையை எனக்கு அனுப்பிவையுங்கள், கொள்முதல் கணக்கை மூவரும் சேர்ந்து ஒருமுறை சரிபார்த்த பிறகு அவர் தொழில் மையத்துக்குப் போகலாம். தாங்களும் உடன் செல்லுங்கள். பேசுவதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள்.